படுக்கையை அடைத்தவர் யார்?

இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் ஒரு சொல் வழங்கி வருகிறது: ‘படுக்கையை அடைத்துக்கொண்டிருப்பவர்’. சிகிச்சை முடிந்த பின்னும் போக இடமின்றி வார்டிலேயே தங்கிவிட்ட முதியோரைச் சுட்டும் சொல் அது. செவிக்கு இனிய சொல்லன்று. நீதியான சொல்லும் அன்று.

அந்நாட்டின் வடபகுதி நகர் ஒன்றில் உறவினர் வீட்டில் நாம் தங்கியிருந்த காலம். பக்கத்து வீட்டு மூதாட்டி இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். பார்க்கச் சென்றோம். அறுவைச் சிகிச்சை நன்கு முடிந்து, ‘இனிப் போகலாம்’ என்று மருத்துவர் கூறி ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. தனித்து வாழும் வலு அவருக்கு இல்லை. முதியோர் இல்லத்தில் இடமும் கிடைக்கவில்லை. “என்னால் யாரோ ஒரு நோயாளி வெளியே காத்திருக்கிறாரே!” என்று நம் கையைப் பற்றிக்கொண்டு வருந்தினார். ஆறுதல் சொல்ல நமக்கு நா எழவில்லை.

பழி உண்மையில் யாரைச் சாரும்? 1948 ஜூலை 5ஆம் நாள் அந்நாட்டில் இரு சட்டங்கள் ஒருங்கே நடைமுறைக்கு வந்தன. ஒன்று, கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் தேசியச் சேவையைத் தோற்றுவித்தது. மற்றொன்று, முதியோரைத் தங்கவைத்துப் பேணும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் விட்டது. அங்கே வசதிக்கேற்பக் கட்டணம் உண்டு. 2010 முதல் இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துள்ளவர், இல்லச் செலவைப் பெரும்பாலும் தாமே ஏற்க வேண்டியவராகிறார். ஆகவே, வார்டிலிருந்து இல்லத்திற்குச் செல்வது ஒரு பணப்பையிலிருந்து மற்றொரு பணப்பைக்கு மாறுவதாகும். எந்தப் பை திறக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து முடிக்கும்வரை முதியவர் காத்திருக்கிறார். கணக்கு முடிந்தாலும் பேணுவதற்கு ஆட்கள் போதவில்லை.

2003இல் இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றினர். உள்ளாட்சி மன்றத்தால் தாமதம் நேர்ந்தால், நாளொன்றுக்கு 100 பவுண்டும், லண்டனிலும் தென்கிழக்கிலும் 120 பவுண்டும் மருத்துவத் துறைக்குச் செலுத்த வேண்டும் என்றனர். அபராதம் விதித்தால் இல்லங்கள் முளைத்துவிடுமா? 2022ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையைக் கைவிட்டது. காத்திருப்பு மட்டும் கைவிடப்படவில்லை.

படுக்கையில் கழியும் ஒவ்வொரு வாரமும் முதிய கால்களின் வலுவைக் கவர்ந்து செல்கிறது. கைத்தடி ஊன்றி நடந்து சென்றிருக்கக் கூடியவர், இடம் கிடைக்கும் நாளில் எழுந்து நிற்கவும் பிறர் துணையை நாடுகிறார். தேவை பெருகப் பெருக, ஏற்கும் இல்லங்களும் அருகுகின்றன. இங்ஙனம் தாமதமே தாமதத்தை ஈன்று வளர்க்கிறது.

இரு பணப்பைகளுக்கு நடுவே எழுப்பிய சுவரே வழியை அடைத்து நிற்கிறது. அச்சுவருக்கு ஒரு பெயர் சூட்ட எவருக்கும் தோன்றவில்லை. அதனடியில் படுத்திருப்பவருக்கு மட்டும் சூட்டிவிட்டார்கள்.