17,582 அடியில் ஒரு தலைவலி

லடாக்கில் ‘லா’ என்றால் சட்டம் அல்ல. கணவாய். கர்துங் லா, சாங் லா, டக்லாங் லா... எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு லா வந்து நிற்கும். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இந்த ‘லா’வை மீறினாலும் தண்டனை உண்டு. வக்கீல், வாய்தா எல்லாம் கிடையாது. உடனே, அந்த இடத்திலேயே தீர்ப்பு!

முதலில் கொஞ்சம் உயரக் கணக்கு பார்த்து விடலாம். ஊட்டி தொட்டபெட்டா 8,650 அடி. அங்கே போய் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் மாட்டிக் கொண்டு, கையில் மிளகாய் பஜ்ஜியுடன் ‘அடேயப்பா, என்ன உயரம்!’ என்று போட்டோ எடுத்துக் கொள்கிறோம். லே நகரமே 11,500 அடியில் இருக்கிறது. அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆள் நம் தொட்டபெட்டாவைக் குனிந்து பார்க்கலாம். அங்கிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் கர்துங் லா. அந்த நாற்பதுக்குள் இன்னும் ஆறாயிரம் அடி ஏறியாக வேண்டும்.

ஒரு காலத்தில் லேயிலிருந்து யார்க்கண்ட், காஷ்கர் என்று மத்திய ஆசியாவுக்குப் போன வியாபாரிகள் குதிரைகளையும் ஒட்டகங்களையும் ஓட்டிக் கொண்டு கடந்த வழி இது. அந்த இரட்டைத் திமில் ஒட்டகங்களின் வாரிசுகள் நூப்ரா பள்ளத்தாக்கில் இன்றைக்கும் இருக்கின்றன. பட்டு, கம்பளம் சுமந்த பரம்பரை, இப்போது டூரிஸ்ட் சுமக்கிறது! 1976-ல் ரோடு போட்டார்கள். 1988-ல் பொதுஜன வண்டிகளுக்குத் திறந்து விட்டார்கள். சியாச்சினில் இருக்கும் ராணுவத்துக்கு சாமான்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. அதனால் குளிர்காலத்திலும் பனியை வெட்டி வெட்டி ரோட்டைக் காப்பாற்றுகிறார்கள்.

கணவாயின் உச்சியில் பல வருடங்கள் ஒரு மஞ்சள் போர்டு இருந்தது. ‘18,380 அடி. உலகத்திலேயே உயரமான மோட்டார் ரோடு.’ அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கொள்ளாவிட்டால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். தமாஷ் என்னவென்றால், போர்டைத்தான் நம்பியிருக்கக் கூடாது! பிற்பாடு ஜி.பி.எஸ். கருவியோடு போனவர்கள் அளந்து பார்த்தால் 17,582 அடிதான். வித்தியாசம் 798 அடி. சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றன் மேல் ஒன்றாக நாலு அடுக்கினாலும் இன்னும் இடம் மிச்சம்! திபெத்தில் செமோ லா என்று ஒரு கணவாய். அதன் மேல் போகிற ரோடு 18,258 அடி. ஆக, ‘உலகத்திலேயே’ என்பதும் காலி.

‘அப்படியானால் கர்துங் லா சும்மாவா?’ என்று கேட்காதீர்கள். போய்ப் பார்த்தால் தெரியும். நான் போனேன். 2014 ஜூலை. கூட எங்கள் ஆபீஸ் அக்கவுண்டண்ட். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி தூங்காத மனிதர்.

லேயில் விமானத்தை விட்டு இறங்கியதும் இரண்டு நாள் படுத்தே கிடக்க வேண்டும் என்பது விதி. நான் படுத்தேன். அவர், “ரூம் வாடகை கொடுத்துட்டு விட்டத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கறதுக்கு மாம்பலத்துலயே படுத்திருக்கலாமே தம்பி!” என்று கடைத்தெரு, அரண்மனை, மடாலயம் என்று முதல் நாளே சுற்றித் தீர்த்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை வாடகைக்கு ஒரு புல்லட் எடுத்துக் கிளம்பினோம். பாவம், சென்னையில் கடல் மட்டத்தில் பிறந்த வண்டி! மேலே போகப் போக அது இருமத் தொடங்கியது. அது வண்டியின் குறை அல்ல. காற்றின் குறை. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு கீழேயும் 21 சதவிகிதம்தான், மேலேயும் 21 சதவிகிதம்தான். ஆனால் காற்றே கிட்டத்தட்ட பாதிதான் இருக்கிறது. முழுச் சம்பளத்தில் 21 சதவிகிதம் போனஸ் வாங்கிப் பழகியவனுக்கு, திடீரென்று அரைச் சம்பளத்தில் 21 சதவிகிதம் என்றால் எப்படி இருக்கும்? அப்படி!

கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னும் கஷ்டம். காற்று குறைந்தது அதற்குத் தெரியாது. பழைய ஞாபகத்திலேயே பெட்ரோலை ஊற்றிக் கொண்டிருக்கும். விளைவு, கரும்புகை, இழுவையில்லாத என்ஜின். ஃபூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள் காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துக் கொள்ளும். ஆனாலும் சக்தி குறைவதைத் தடுக்க முடியாது. ஆயிரம் அடிக்கு மூன்று சதவிகிதம் என்று கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். நாங்கள் ஃபர்ஸ்ட் கியரில் போய்க் கொண்டிருந்தோம். முறுக்கினால் சத்தம் வந்ததே தவிர வேகம் வரவில்லை. பையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் மட்டும் ஃபுட்பால் மாதிரி உப்பிப் போய் உற்சாகமாக இருந்தது.

வழி நெடுக எல்லைச் சாலை நிறுவனத்தார் நட்டு வைத்த மைல் கற்கள், போர்டுகள். அதில் ஏதோ ஓர் அதிகாரிக்குள் ஒரு கவிஞர் ஒளிந்திருக்க வேண்டும். ‘என் வளைவுகளிடம் மென்மையாக நடந்து கொள்ளவும்’ என்கிற தினுசில் எழுதி வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகாத பையன்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் படிக்கிறார்கள். அந்த மட்டில் வேகம் குறைகிறதல்லவா? போர்டின் நோக்கம் நிறைவேறியது!

சவுத் புல்லு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்தது. கல்லும், சேறும், உருகி ஓடுகிற பனித் தண்ணீரும்தான். ஒரு வளைவில் தார் டிரம்களைக் காய்ச்சிக் கொண்டிருந்தார்கள். கறுப்புப் புகை. முகத்தைத் துணியால் சுற்றிக் கொண்டு ஆண்களும் பெண்களும் ஜல்லி கொட்டிக் கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்ட், பீகார்ப் பக்கத்திலிருந்து கோடையில் வந்து சில மாதம் வேலை செய்துவிட்டு, குளிருக்கு முன்னால் ஊர் திரும்புகிறவர்கள். சமவெளியில் பிறந்தவர்கள், நம்மைப் போலவே. ஓரத்தில் ஒரு குழந்தை கம்பளிக்குள் தூங்கிக் கொண்டிருந்தது.

உச்சிக்கு வந்தோம். பிரார்த்தனைக் கொடிகள் படபடக்க, அந்த மஞ்சள் போர்டு! பக்கத்திலேயே இன்னொரு அறிவிப்பு: இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் இங்கே நிற்காதீர்கள். எனக்கு அந்த ஜல்லி கொட்டுகிற பெண்கள் ஞாபகம் வந்தது. நமக்கு இருபது நிமிஷம் ஆபத்து என்றால், அவர்களுக்கு அது ஒரு ஷிஃப்ட்.

போட்டோ எடுக்கத் திரும்பினால் அக்கவுண்டண்ட் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

“என்ன சார்?”

“லேசா தலைவலி தம்பி. சூடா ஒரு டீ உள்ளே போனா சரியாயிடும்.”

டீ வந்தது. (அந்த உயரத்தில் தண்ணீர் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்காகக் கொதிக்கிற டீயை உடனே வாயில் ஊற்றிவிட முடியாது!) உள்ளே போன டீ அதே வேகத்தில் வெளியே வந்துவிட்டது. முகம் சுண்ணாம்பு.

பக்கத்தில் ஒரு டாக்ஸி டிரைவர் நின்றிருந்தார். லடாக்கி. ஐம்பது வயசு இருக்கும். வெயிலிலும் குளிரிலும் சுருங்கிய முகம். அவர் மெதுவாக வந்து அக்கவுண்டண்டைக் கைகொடுத்து எழுப்பினார். தரையில் காலால் ஒரு கோடு இழுத்தார். “இதன் மேலே நடங்கள். குதிகாலை ஒட்டி விரல், விரலை ஒட்டிக் குதிகால்” என்றார் இந்தியில். என் இந்தி தூர்தர்ஷன் மகாபாரதத்தில் கற்றது. இருந்தாலும் புரிந்தது.

அக்கவுண்டண்ட் நடந்தார். வாழ்க்கையில் பீர் கூடத் தொடாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒயின் ஷாப் வாசலில் நடக்கிற மாதிரி நடந்தார். நாலாவது அடியில் என் மேல் சாய்ந்தார்.

“நீச்சே!” என்றார் டிரைவர். கீழே! “அபி!” இப்போதே!

விஷயம் இதுதான். தலைவலி, வாந்தி மட்டும் என்றால் மலை நோய். அங்கேயே ஏறுவதை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இந்த இரண்டும் உயிர் குடிப்பவை. ஆக்ஸிஜன், மாத்திரை எல்லாம் துணைக்குத்தான். முதல் வைத்தியம் இறங்குவது. ஓராயிரம், ரெண்டாயிரம் அடி இறங்கினாலே பல பேருக்குத் தெளிய ஆரம்பிக்கும்.

ஆனால் எங்கள் ஆள் ஒப்புக்கொள்ள வேண்டுமே! அந்த நிலைமையிலும் அவர் முனகியது என்ன தெரியுமா? “தம்பி... நூப்ராவுல ரூமுக்கு மூவாயிரம் அட்வான்ஸ் கட்டியிருக்கு... ரீஃபண்டு கிடையாதுன்னான்...”

“சார், மூவாயிரத்தை எழுதித் தள்ளிடலாம். உங்களை எப்படி சார் எழுதித் தள்றது?” என்றேன்.

அவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்ட எனக்குத் தைரியமில்லை. நடக்கவே தள்ளாடுகிறவர், வளைவில் விழுந்தால்? டிரைவர் கேட்கவே இல்லை. தன் வண்டியில் முன் சீட்டில் இருந்தவரைப் பின்னால் அனுப்பி, இவரை உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, என்னைப் பின்னாலேயே வரச் சொல்லிவிட்டார். வண்டியில் இருந்த குடும்பம் நூப்ரா போகக் கிளம்பியவர்கள். ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை.

அந்த நாற்பது கிலோமீட்டரும் அவர் ஓட்டியதைப் பின்னால் இருந்து பார்த்தேன். அவசரம்தான். ஆனால் வேகம் இல்லை. இரண்டாவது கியரில் இறக்கி, என்ஜினின் பிடியிலேயே வண்டியைக் கட்டி வைத்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் போனார். பிரேக்கை அழுத்திக் கொண்டே இறங்கினால் சூடேறிப் போய்க் கடைசி வளைவில் கை விரித்துவிடும். எதிரே ராணுவ லாரி ஏறி வந்தால் ஓரமாக நின்று வழிவிட்டார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. நின்றுவிட்டால் அது மறுபடி கிளம்புவது கஷ்டம். உள்ளே ஒரு நோயாளி இருந்தும் அவர் அந்த விதியை மீறவில்லை. மீறியிருந்தால் சீக்கிரம் போயிருக்க மாட்டார். கீழே போயிருப்பார்!

லே ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கவுண்டண்ட் கண்ணைத் திறந்து, “டாக்ஸிக்கு எவ்வளவு ஆச்சு?” என்றார். பிழைத்துவிட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அப்போதுதான். டிரைவர் ஒரு ஆள் சீட்டுக்கு உண்டானதை மட்டும் வாங்கிக் கொண்டு, “ஜூலே” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லடாக்கியில் வணக்கத்துக்கும் ‘ஜூலே’, நன்றிக்கும் ‘ஜூலே’, போய் வருகிறேன் என்பதற்கும் ‘ஜூலே’. எதற்குச் சொன்னாரோ!

நீங்கள் போவதாக இருந்தால், நாலே விஷயம். லேயில் இரண்டு நாள் முழுசாகப் படுத்து எழுங்கள். காசு வீணாகவில்லை. மாத்திரை போடுவதானால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக் கொண்டு போங்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகும். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் ஓடை, மத்தியானம் முழங்காலுக்கு வந்துவிடும். கூட வருகிறவர் திடீரென்று பேச்சைக் குறைத்தால் அவரைப் பாருங்கள், போர்டைப் பார்க்காதீர்கள்.

போர்டுகளின் போட்டி இன்னும் ஓயவில்லை. 2017-ல் கிழக்கு லடாக்கில் உம்லிங் லா மேல் 19,024 அடியில் ரோடு போட்டு முடித்தார்கள். பொலிவியாவில் ஓர் எரிமலைக்குப் போகிற 18,953 அடி ரோட்டின் சாதனையை அது முறியடித்தது. 2021-ல் கின்னஸ் சர்ட்டிபிகேட்டும் வந்தது. நேபாளத்தில் எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கூடாரம் போடுகிற அடிவார முகாமே 17,598 அடிதான் என்றால் யோசித்துப் பாருங்கள்! 2025 அக்டோபரில் மிக் லா, 19,400 அடி. எல்லாம் அதே எல்லைச் சாலைக்காரர்கள், அதே முகம் சுற்றிய கூலிக்காரர்கள் செய்த வேலை.

மிக் லா செய்தி வந்த பேப்பரை எடுத்துக் கொண்டு போய் அக்கவுண்டண்டிடம் காட்டினேன். ரிட்டையர் ஆகிவிட்டார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக் கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். படித்துவிட்டுக் கேட்டார்:

“உயரம் போட்டிருக்கான் சரி. அங்கே எவ்வளவு நேரம் நிக்கலாம்னு போட்டிருக்கானா தம்பி?”