கையால் போட்ட கால்

கிருஷ்ண ஜெயந்திக்குப் போடும் கண்ணன் பாதத்தில் காலே கிடையாது. கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் உள்ளங்கால் விழும். அதன் தலைமாட்டில் விரல்நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் கால்விரல்கள். வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை நடந்து போகும் அந்தக் குழந்தை, இடுப்பொடியக் குனிந்து நகரும் ஒரு பெண்ணின் இரண்டு முஷ்டிகள்தான்.

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் அதைப் போட்டவர் அத்தை. அவருக்குக் குழந்தை இல்லை. அதனாலேயே அந்த வேலை அவருக்கு வந்தது. போட்டால் பிறக்கும் என்றார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் யாரும் அவரிடமிருந்து மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அதே அத்தையை வளைகாப்பில் வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். இல்லாத குழந்தையின் கால் அவர் கையால் விழலாம். கர்ப்பிணியின் மணிக்கட்டில் அவர் கை படக் கூடாது. இலக்கணம் நடத்துகிறவள் நான். இதற்கு எந்த நூலிலும் விதி கிடைக்கவில்லை.

எனக்கும் குழந்தை இல்லை. வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. ஊர் அதைக் குறை என்றே எழுதிக்கொண்டது.

தங்கைக்கு லண்டன் ஹாரோவில் சிசேரியனில் பெண் பிறந்தபோது, அம்மாவின் முழங்கால் விமானப் பயணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கோடை விடுமுறையில் நான் போனேன். "நீ போய் என்ன பண்ணப்போற, உனக்கு என்ன தெரியும்?" என்று அம்மா போனில் கேட்டார். பூண்டுக் குழம்பு வைக்கத் தெரியும், ராத்திரி முழித்திருக்கத் தெரியும் என்றேன்.

அங்கே பீங்கானுக்கு வண்ணம் தீட்டும் கடைகள் உண்டு. ஒருமுறை சுட்ட, மெருகு ஏற்றாத வெள்ளைத் தட்டும் கோப்பையும் அலமாரியில் அடுக்கியிருக்கும். எடுத்து வண்ணம் தீட்டிக் கொடுத்துவிட்டு வந்தால், மெருகு பூசி, சுமார் ஆயிரம் டிகிரி சூட்டில் மறுபடி சூளையில் வைத்து, ஒரு வாரத்தில் தருவார்கள். பிறந்த குழந்தையின் கால்தடத்தைத் தட்டில் பதித்து வைத்துக்கொள்வது அங்கே பரவலான ஆசை. தங்கையின் அலுவலகத் தோழிகள் அதற்கான பரிசு அட்டை கொடுத்திருந்தார்கள். குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் போனோம்.

பச்சைக் குழந்தையின் உள்ளங்காலை அழுத்தினால் விரல்கள் உள்ளே மடங்கிவிடும். ஒரு வயதை ஒட்டித்தான் அந்த அனிச்சை விலகும். ஆகவே ஒரு கை கணுக்காலைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை விரல்களை விரிக்க வேண்டும், குதிகாலில் தொடங்கி மெல்ல முன்னோக்கி ஒற்ற வேண்டும். தையல் போட்ட வயிற்றோடு தங்கையால் மேசை மேல் குனிய முடியவில்லை. அவள் கணவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "நீயே புடிக்கா" என்றாள்.

மூன்று முறை தப்பாக விழுந்தது. சுடும் வரைக்கும் அந்த வண்ணம் ஈரப் பஞ்சில் போய்விடும், மூன்றையும் அழித்தோம். நான்காவது நன்றாக விழுந்தது. குழந்தைப் பாதத்தில் இன்னும் வளைவு வராததால் நடுவில் பள்ளமே இல்லை. ஒரே திட்டு, கொழுக்கட்டை மாதிரி. அதன் பக்கத்தில், நீல நிறத்திலேயே, என் கட்டைவிரல்.

கடைப்பெண் பஞ்சோடு வந்தாள். துடைத்துவிடட்டுமா என்றாள். துடைத்துவிடுங்கள் என்றார் தங்கை கணவர். இருக்கட்டும் என்றேன் நான்.

வகுப்பில் புறநானூற்றின் 256ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். துணையை இழந்த ஒருத்தி குயவரிடம் ஈமத்தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்கிறாள். அவள் அதில் கேட்பது சாவை என்பார்கள் மாணவிகள். நான் அங்கே வேறொன்றையும் பார்க்கிறேன்: மண்ணில் தனக்கும் இடம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவள். நம் ஊர்களில் குயவர் வீட்டுப் பெண்கள் மண்ணைச் சலித்து, மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். சக்கரம் பெரும்பாலும் ஆண்களிடமே இருக்கிறது. அவர்கள் மிதித்த தடம் எந்தப் பானையிலும் தெரியாது. பானை என்றால் சரி. ஞாபகத்துக்கென்றே செய்கிற தட்டிலும் பிடித்த கையைத் துடைத்துவிட்டு, குழந்தை தானாக வந்து கால் வைத்த மாதிரி ஏன் காட்ட வேண்டும்?

"இது அவங்க அம்மாவுக்குப் போற தட்டுக்கா" என்று தங்கை தமிழில், தணிந்த குரலில் சொன்னாள். அவள் மாமியார் என்னை எப்படி நினைக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சீமந்தத்தில் ஆரத்தித் தட்டு என் கைக்கு வராமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

"போகட்டும்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெல்லிய தூரிகையை எடுத்தாள். மகளின் பெயரையும் பிறந்த தேதியையும், என் விரல் தடத்தில் இடிக்காமல் அதைச் சுற்றி வளைத்து எழுதினாள். எழுத்து அவ்வளவு அழகாக இல்லை.

கொடுக்கும்போது சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளிறியிருந்த நீலம், சூளையிலிருந்து வந்தபோது கருநீலமாகியிருந்தது. விரல் ரேகைகூடத் தெரிந்தது. தங்கை கணவர் வீடியோவில் தன் அம்மாவுக்குத் தட்டைக் காட்டினார். பக்கத்துல என்னடா கறை என்று அவர் கேட்டார்.

"பெயிண்ட் வழிஞ்சிடுச்சும்மா."

பால் கொடுத்துக்கொண்டிருந்த தங்கை நிமிராமல் சொன்னாள்: "அக்கா கை, அத்தை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, குழந்தையைக் குளிப்பாட்டியாச்சா என்று கேட்டார்.