போக்கா

கொல்கத்தாவின் டாக்குரியா ஸ்டேஷன் ஓரம், காலை ஏழு மணி. லோக்கல் ரயிலில் வந்திறங்கிய கத்தரிக்காய். காய் விற்கும் மாஷி ஒரு காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒதுக்கிப் போட்டாள். “போக்கா ஆச்சே, தாதா.” வங்காளியில் போக்கா என்றால் பூச்சி. தொண்டை அதிரச் சொன்னால் முட்டாள். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘போ’தான். இத்தனை வருஷம் கழித்தும் என் காதுக்கும் அப்படித்தான்.

*

காயில் தெரியும் ஓட்டை புழு வெளியேறிய வழி. நுழைந்த வழி எப்போதோ தூர்ந்திருக்கும். ஆகவே ஓட்டை இல்லாத காய்தான் சந்தேகத்துக்குரியது.

*

அந்தப் புழு வளர்ந்தால் அந்துப்பூச்சி. அதைப் பிடிக்க வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் தொங்குவது மணம் ஏற்றிய ஒரு ரப்பர் துண்டு. அதைப் பெண் என்று நம்பி ஆண் அந்து வருகிறது. போக்கா, இரண்டு அர்த்தத்திலும்.

*

மணம் தயாரிப்பது பெண், வயிற்று நுனிச் சுரப்பியில். மூலச்சரக்கு சாதாரணம்: பதினாறு கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம், லூச்சி பொரிக்கும் பாமாயிலில் இருப்பதேதான். ஒரு நொதி பதினோராவது கார்பனில் இரட்டைப் பிணைப்பு போடும். அடுத்தது அமிலத்தை ஆல்கஹாலாக்கும். மூன்றாவது அதை அசிடேட்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மரபணு. கத்தரி அந்தின் முக்கிய மணம் அசிடேட்தான்; ஆனால் துளி ஆல்கஹாலும் கலந்தால் பொறியில் கூட்டம் அதிகம். ரசத்தில் பெருங்காயம் மாதிரி.

*

ஐரோப்பிய மக்காச்சோளத் துளைப்பான் என்ற அந்தில் இரண்டு குலம். இரண்டு குலத்துக்கும் மணப்பொருள்கள் ஒரே இரண்டுதான், விகிதம் வேறு. ஒன்றில் 97க்கு 3, மற்றதில் 1க்கு 99. கலப்பில் பிறந்த பெண்ணின் மணம் இரண்டுக்கும் நடுவே. அந்த இரண்டாவது நொதியின் மரபணு மாறியதே காரணம் என்று 2010இல் தெரிந்தது. ஆணின் விருப்பமோ அங்கே இல்லை. பால் குரோமோசோமில் இருக்கும் வேறொரு மரபணுவில். 2021இல்தான் பிடிபட்டது. பெண் ஜாதகமும் மாப்பிள்ளை ஜாதகமும் வேறு வேறு ஜோசியர் கணித்தது. பொருத்தம் மட்டும் எப்படித் தப்பாமல் விழுகிறது? இதை நினைத்துக்கொண்டே லேக் பக்கம் ஒரு சுற்று நடந்தேன்.

*

முட்டைக்கோஸ் அந்து ஒன்று அமெரிக்க ஆய்வகத்தில் மரபு மாறி, வேறு மணம் வீசியது. முதலில் ஆண்கள் சரியாக மதிக்கவில்லை. தலைமுறைகள் போகப் போக அந்தக் கூட்டத்து ஆண்கள் அதற்கும் வரத் தொடங்கின. ரப்பர் துண்டுக்கு மயங்காத ஆணும் ஒருநாள் பிறக்கலாம்.

*

மரபணு மாற்றிய பி.டி. கத்தரியும் இந்தக் கத்தரிப் புழுவுக்காகச் செய்ததுதான். அதைப் பற்றி அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷின் கருத்துக் கேட்பு 2010 ஜனவரியில் தொடங்கியது இதே கொல்கத்தாவில். பிப்ரவரி 9 அன்று அதன் அனுமதியை நிறுத்திவைத்தார். 2014இல் எல்லைக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்தில், பயிரிட்டார்கள்.

*

மத்தியானம் காயை நறுக்கினேன். இரண்டு சுத்தம். ஓட்டையே இல்லாத மூன்றாவதில், இளஞ்சிவப்பாக, கொழுகொழுவென்று ஒருவர் குடியிருந்தார்.