பலாமரத்துக்கு ஒரு விலை

ஏப்ரல் வந்தால் கண்டியில் பாதிப் பேர் நுவரெலியாவுக்கு ஏறிவிடுவார்கள். 'வசந்தகாலம்' என்று பேர் வைத்து மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் எல்லாம் நடப்பது அங்கேதான். கம்பளையில் தொடங்கி றம்பொடை வரைக்கும் வாகன வரிசை. நாங்கள் போகவில்லை. பெற்றோல் காசு ஒரு காரணம். மற்றது, வசந்தம் எங்கள் பின்வளவுக்கே வந்துவிட்டது. முள்முருங்கை இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. விடியமுன்னமே குயில் கத்துகிறது. எறபதுப் பூவும் குயிலும் வந்தால் அவுருது வந்த மாதிரித்தான் என்பார்கள் சிங்கள நண்பர்கள். எங்களுக்கும் அதே சித்திரைதானே.

பேராதனை தாண்டி ஒரு சரிவில் 12 பேர்ச் காணி. வங்கிக் கடனில் வாங்கியது. அதில் இரண்டு தென்னை, ஒரு ஈரப்பலா, ஒரு கராம்பு, முள்முருங்கையில் படர்ந்த மிளகு, யாரும் நடாமலே முளைத்த கோப்பிச் செடிகள். மேலே பெரிய மரம், நடுவில் வாசனைச் சரக்கு, கீழே இஞ்சி மஞ்சள் என்று அடுக்கடுக்காக வளர்ப்பதுதான் கண்டி வீட்டுத்தோட்டம். உலகமெங்கும் விவசாயப் பாடப்புத்தகங்களில் இதற்கு இடம் உண்டு. எங்களுடையதை யாரும் திட்டம்போட்டு வளர்க்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனது அது.

அந்த அடுக்கின் உச்சியில் நிற்கிறது பலா. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம்.

சனிக்கிழமை காலை மர வியாபாரி ஒருவர் வந்தார். மரத்தைச் சுற்றி நடந்து, உள்ளங்கையால் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னார். அந்தக் காசுக்கு எங்கள் கூரைத் தகடு முழுவதையும் மாற்றலாம். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். போன வருஷம் படுக்கையறையில் மூன்று வாளி வைத்துத்தான் படுத்தோம். அதனால் அந்த விலை சின்ன விஷயமில்லை.

"பேர்மிட் எல்லாம் நான் பாத்துக்கிறேன், ஞாயித்துக்கிழம பின்னேரம் வாறேன்" என்றார்.

பேர்மிட் ஏன் என்றால், இலங்கையில் சொந்தக் காணியில் நிற்கிற பலாவையும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் காக்கிறது. மூன்றும் பஞ்சத்தில் சோறு போடுகிற மரங்கள். அதற்கும் முன்னமே பாணந்துறை ஆர்தர் வி. டயஸ், நாடு முழுக்கப் பலா நடவேண்டும் என்று ஒரு இயக்கமே நடத்தினார். 'கொஸ் மாமா' என்றால் இன்றைக்கும் சிங்களத்தில் அவர்தான். 2022இல் காஸ் சிலிண்டருக்கு ஊரே தெருவில் நின்றபோது, எங்கள் மரத்துக் காய் இந்த லேன் முழுக்கப் போனதாம். பக்கத்து வீட்டு அம்மே சொன்னார். நாங்கள் அப்போது இங்கே இல்லை.

வியாபாரி போனதும் தகராறு தொடங்கியது. சமைத்துக்கொண்டேதான். நல்ல தகராறுகள் எல்லாம் குசினியில்தான் நடக்கின்றன.

ஆறு பலாப்பிஞ்சு பறித்தோம். கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூசாவிட்டால் பால் ஒட்டிப் பிறகு கழுவவே ஏலாது. தோலைச் சீவி, துண்டு போட்டு, மஞ்சள் தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துவிடும். சிங்களத்தில் பிஞ்சுக்கு பொலஸ், முற்றிய காய்க்கு கொஸ், கடிக்கிற மாதிரிச் சுளை உள்ள பழத்துக்கு வரக. அந்த வரகதான் எங்கள் வருக்கை. எந்த மொழி யாரிடம் கடன் வாங்கியதோ, மரத்துக்குக் கவலையில்லை.

எங்களில் ஒருவருக்கு ஊர் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மற்றவருக்கு வலிகாமம் வடக்கு. ஒரே குசினியில் இரண்டு தமிழ். ஒருவர் புளி என்றால் பழப்புளி. மற்றவருக்குக் கண்டிப் பழக்கத்தில் கொறக்கா. அன்றைக்குக் கொறக்காதான் வென்றது. வறுத்த தூள், கறுவா, ரம்பை, கறிவேப்பிலை, இரண்டாம் பால் சேர்த்து மண்சட்டியில், வெளியே மூன்று கல் அடுப்பில் ஏற்றினோம். நாலு மணித்தியாலம். கிண்டவே கூடாது, சட்டியைக் குலுக்கிவிட்டால் போதும்.

"இஞ்ச பாருங்கோ, முதல்ல கூரை வேணும். மரம் பிறகும் நடலாம்" என்றது வலிகாமம். 1990இல் வெளிக்கிட்ட குடும்பம். காணி விட்டபிறகு போய்ப் பார்த்தால் சுவர் பாதி, கூரை இல்லை, பனைகள் எல்லாம் பங்கருக்குப் போயிருந்தன. மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் வளர்ந்தவர்கள் மரத்துக்காக அழமாட்டார்கள்.

"கூர எங்களுக்கு இருந்துச்சுங்க, லயத்துல. ஒழுகுற கூர, ஆனா இருந்துச்சு. மரந்தான் இல்ல" என்றது கலஹா. லயத்துக்கு முன்னால் நின்ற பலா தோட்டத்துக்குச் சொந்தம். விழுந்த காயை எடுத்ததற்குக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய தாத்தாவின் கதை வீட்டில் இன்னும் இருக்கிறது. கோப்பிக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த சனம். 2023இல் 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை திரும்ப நடந்தார்கள். 7 பேர்ச், 10 பேர்ச் என்று அரசாங்கங்கள் இன்னும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக உறுதியில் பேர் எழுதிய மண் இந்த 12 பேர்ச்தான்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் பேச்சு இரவு வரை இழுத்தது. நடுவில் ஒரு மணித்தியாலம் பேசாமலும் இருந்தோம். கறிக்கு முதற்பால் விட ஆள் வேண்டும், விறகு தள்ள ஆள் வேண்டும் என்றபடியால் அதற்குமேல் நீடிக்கவில்லை.

கடைசியில் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். படுக்கையறைப் பக்கம் மட்டும் என்றால் எட்டுத் தகடு. மிளகும் கராம்பும் விற்றால் பாதி வரும். மிச்சம் சீட்டுக் காசு. குசினிப் பக்கம் இந்த வருஷமும் வாளிதான்.

பொலஸ் கறி அடுத்த நாள்தான் ருசி. இரவு முழுக்கத் தணலில் கிடந்து, கறுப்புச் சிவப்பாக, இறைச்சி மாதிரி இழுபட்டது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல். ஒரு கிண்ணம் அம்மேக்குப் போனது. கிண்ணம் திரும்பும்போது கொக்கிஸ் வந்தது.

பின்னேரம் வியாபாரி வந்தார். விற்கவில்லை என்றோம். முகத்தைச் சுழிக்கவில்லை. தேத்தண்ணி குடித்தார், கறியையும் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்தார். "மனசு மாறினா சொல்லுங்க" என்றவர் மரத்தை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, முற்றின காய் ஒன்று கேட்டு வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.