நடுவுக்கு வா

இரவு ஷிப்ட் முடிந்து தெலுக் பங்லிமா காராங் வீட்டுக்கு வந்தால் உடனே தூக்கம் வராது. 'டென்னிஸ் கிளாஷ்' ஆடுவேன். பிரேசிலின் வைல்ட்லைஃப் ஸ்டூடியோஸ் 2019இல் வெளியிட்ட கைப்பேசி விளையாட்டு. திரையைத் தொட்டால் ஆள் ஓடுவான். விரலை இழுத்தால் பந்து பறக்கும். ஒரு விரல் போதும்.

தோற்றுக்கொண்டே இருந்தேன். மட்டைதான் சரியில்லை என்று அதை மேம்படுத்தினேன். அப்போதும் தோல்விதான். பக்கத்தில் படுத்திருந்த அப்பா ஒருநாள், "அடிச்சிட்டு ஏன் அங்கேயே நிக்கிற? நடுவுக்கு வா" என்றார்.

அப்பா தோட்டத்தில் பூப்பந்து ஆடியவர். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையைத் தூக்க முடிவதில்லை.

"திணறுனா குறுக்கால அடி. மூச்சு விட நேரம் கிடைக்கும்."

பொறியியல் படித்தவனாயிற்றே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். டென்னிஸ் ஒற்றையர் ஆடுகளம் 23.77 மீட்டர் நீளம், 8.23 அகலம். மூலைக்கு மூலை 25.15 வருகிறது. நேராக அடிப்பதைவிடப் பந்துக்கு 1.4 மீட்டர் கூடுதல் இடம். வலையும் கம்பத்தருகே 1.07 மீட்டர், நடுவில் 0.914தான். அப்பா சொன்னது சரி.

அதன்பிறகு வலுவாக அடிப்பதை விட்டேன். அடித்ததும் நடுவுக்கு வந்தேன். எதிராளி பின்னால் நின்றால் பந்தைக் குட்டையாகப் போட்டேன். ஜெயிக்கத் தொடங்கினேன்.

போன வாரம் கைப்பேசியை அவரிடமே நீட்டினேன். தயங்கினார். தலையணையில் சாய்த்து வைத்து, இடது கை விரலால் ஆடினார். ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அடித்ததும் ஆளை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"இன்னொரு வாட்டி வைடா" என்றார்.

விடியும்வரை வைத்தேன்.