ஏற்காட்டில் ஒரு ஜாடி

இந்த இதழுக்கு நான் தருவதாகச் சொல்லியிருந்தது வேறு கட்டுரை. கடந்த ஐந்தாண்டுப் புதுக்கவிதை பற்றியது. அதை எழுத உட்கார்ந்த இரவுகளிலெல்லாம் சமையலறை மூலையில் இருக்கும் ஜாடியின் இரைச்சல் குறுக்கே வந்தது. பழைய கம்பளி சுற்றி வைத்திருக்கும் பீங்கான் ஜாடி. இன்று பதினான்காம் நாள். வாயைக் கட்டியிருக்கும் துணியில் காதை வைத்தால், எங்கோ தள்ளி யாரோ எண்ணெயில் எதையோ பொரிப்பது போன்ற சத்தம். டிசம்பர் ஏற்காட்டில் எட்டு மணிக்கு மேல் வேறு சத்தம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கிறது. ஜாடியில் இருப்பது திராட்சை ஒயின். போட்டவன் நான்.

சட்டப்படி இது குற்றம். இந்த இதழின் முந்நூறு வாசகர்களில் மதுவிலக்கு அதிகாரி யாரும் இருக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். குற்றம் செய்வதற்கு நான் தேர்ந்தெடுத்த இடமும் சாதாரண இடமல்ல. சென்னை ராஜதானியில் மதுவிலக்கு முதன்முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. ராஜாஜி அப்போது பிரதமர். அதற்கு முன் சேலத்தில் வக்கீல், நகரசபைத் தலைவர். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் குடிக்கு எதிராகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் துணையாசிரியர். நீண்ட நாள் ஓடவில்லை. நம்முடைய பத்திரிகைகளின் ஆயுளை நினைக்கும்போது எனக்கு அதன்மேல் ஒரு பந்துப் பாசம். கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்பத்தான் 1939இல் விற்பனை வரி வந்தது. 1937ஆம் வருஷத்து அந்தச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இலிருந்து சில்லறைக் கடையும் அரசாங்கமே நடத்துகிறது. கடை நடத்தும் விதிகள் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் இயற்றப்பட்டிருக்கின்றன. மொழியை நம்பிப் பிழைப்பவர்கள் நாம். இப்படி ஒரு முரணை எந்தக் கவிஞனும் இதுவரை எழுதியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

மாற்றலாகி இந்த மலைக்கு வந்தபோது எனக்கு இங்கே யாரையும் தெரியாது. ஏற்காடு ஒரே ஊர் அல்ல. 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடியோடு வளர்ந்த எஸ்டேட் ஊர் ஒன்று. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற பள்ளிகளின் ஊர் ஒன்று. ஏரியைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் முளைக்கும் ஊர் ஒன்று. இவற்றுக்கெல்லாம் முன்னாலிருந்து சேர்வராயன் கோயிலைக் கும்பிட்டுவரும் மலையாளிகளின் ஊர் ஒன்று. பாங்க் கவுண்டரில் எல்லா ஊரும் வரிசையில் நிற்கும். அதுதான் எங்கள் தொழிலில் எழுத்தாளனுக்குக் கிடைக்கும் ஒரே சௌகரியம்.

நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு நவம்பரில் வந்தவர்தான் அந்த ஆங்கிலோ இந்திய அம்மாள். ரயில்வே டிரைவரின் விதவை; எண்பதை நெருங்குபவர். விரலை வைத்தால் மெஷின் ஏற்கவில்லை. ரேகை தேய்ந்துபோயிருந்தது, போதாததற்கு நகமெல்லாம் நாவற்பழ நிறம். "நேத்துதான் ஒயின் போட்டேன் மேன். கை போகாது, கிறிஸ்துமஸ் வரைக்கும் இப்படித்தான்" என்றார். காகிதத்தில் கையெழுத்து வாங்கி, உயிரோடிருக்கிறார் என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டார். போனேன். கண்ணாடி அலமாரியிலிருந்து சுண்டுவிரல் உயரக் கிளாஸ் ஒன்றை எடுத்துப் போன வருஷத்து மிச்சத்தை ஊற்றி வைத்தார். பக்கத்தில் ஒரு தட்டில் குல்குல்ஸ்.

நான் தொடவில்லை. காரணத்தைச் சொல்லவேண்டியதில்லை என்றுதான் அன்று நினைத்தேன். இன்று சொல்லலாம்.

என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்தவர். நுணுக்கமான கை. கூலி வாங்கிய நாளில் தனியாகக் குடிப்பார். அவருடன் யாரும் இருந்ததில்லை, பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அடிக்கவோ கத்தவோ இல்லை. அதனாலேயே அதற்கு எதிராக எங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. அம்மா மறுநாள் அவர் சட்டையைத் தனியாகத் துவைப்பாள். பாட்டில்களை எண்ணி வைத்திருப்பாள்; ஒருநாளும் எண்ணிக்கையைச் சொன்னதில்லை. ஈரல் கெட்டு அவர் செத்தபோது நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருஷம். தி. ஜானகிராமனையும் டி. எஸ். எலியட்டையும் ஒரே மூச்சில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சட்டையின் வாடையைப் பற்றி ஒரு வரிகூட எழுத வரவில்லை. இதுவரை நான் எழுதிய எந்த விமரிசனத்திலும் அந்த வாடை இல்லை. அதுவே அவற்றின் குறையோ என்று சந்தேகம்.

அந்த அம்மாள் வற்புறுத்தவில்லை. "குடிக்காட்டிப் போ. கிண்டிவிடு மேன், எனக்குத் தோள்பட்டை வலி" என்றார். அப்படித்தான் நான் குடிக்காத ஒயின்காரன் ஆனேன். சாயங்காலம் பாங்க் முடிந்து போய், மரக்கரண்டியால் ஒரே திசையில் கிண்டிவிட்டு வருவேன்.

பக்குவம் எளிது. நாலு கிலோ பன்னீர் திராட்சை. கம்பத்திலிருந்து சேலம் மார்க்கெட்டுக்கு வந்து மலையேறுவது. காம்பு நீக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி, கையால் பிசைய வேண்டும். விதை நசுங்கினால் கசக்கும். மூன்று கிலோ சர்க்கரை, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஐந்து லிட்டர், ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, கொஞ்சம் ஈஸ்ட். ஜாடியின் வாயை மூடியால் அடைக்கக் கூடாது, துணியால் கட்ட வேண்டும். உள்ளே உண்டாகும் கரியமிலவாயு வெளியேற வழியில்லாவிட்டால் ஜாடி தாங்காது. கீழே சேலத்தில் இருபத்தொரு நாள் கணக்கு; இங்கே குளிருக்கு ஈஸ்ட் சோம்பிவிடும், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பளி சுற்றினாலும் இருபத்தெட்டு நாள் ஆகும். பிறகு மல்துணியில் வடித்து, அடிவண்டல் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் பாட்டிலில் சேர்க்க வேண்டும்.

இதில் நடப்பதைப் பாஸ்டர் 1860 வாக்கில் விளக்கிவிட்டார். ஈஸ்ட் என்பது உயிர். சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் வாயுவையும் வெளியிடுகிறது. நூற்றுக்குப் பதினான்கு பதினைந்து பங்கு சாராயம் சேர்ந்ததும், தான் உண்டாக்கியதிலேயே தான் சாகிறது. வீட்டு ஒயின் இனிப்பாக இருப்பது அது தின்னாமல் விட்டுப்போன சர்க்கரையினால். அதற்கப்புறம் காற்றுப்பட விட்டுவைத்தால் வேறொரு நுண்ணுயிர் வந்து எல்லாவற்றையும் காடியாக்கிவிடும். ஜாடி மாறுவதில்லை, திராட்சையும் அதேதான். புளிப்பதற்கும் கெடுவதற்கும் நடுவில் இருப்பது கவனம் மட்டுமே. நண்பர் ஒருவரின் முதல் தொகுதியை இதைப்போன்ற ஒரு இதழில் மூன்று வரியில் 'புளித்துப்போன படிமங்கள்' என்று ஒதுக்கினேன். அதற்கப்புறம் அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை. கவிதையும் எழுதவில்லை என்று கேள்வி. புளித்தல் என்றால் என்னவென்று தெரியாமலேயே அந்தச் சொல்லை உபயோகித்திருக்கிறேன். அவை புளிக்க ஆரம்பித்திருந்த கவிதைகள். இன்னும் பதினைந்து நாள் கம்பளி சுற்றி வைத்திருக்க வேண்டியவை.

சங்கத்தில் கள்ளும் உண்டு, தேறலும் உண்டு. தேறல் என்றால் தெளிந்தது. அதே 'தேறு'தான் நோயாளி தேறுவதிலும் இருக்கிறது, துக்க வீட்டில் சொல்லும் தேறுதலிலும் இருக்கிறது. தகடூர் அதியமான் செத்தபோது ஔவை முதலில் நினைத்துக்கொள்வது அவன் வீரத்தை அல்ல. கள் கொஞ்சமாக இருந்தால் என்ன செய்வான், நிறைய இருந்தால் என்ன செய்வான் என்பதை. பங்கிட்டுக்கொண்ட முறைதான் அங்கே மனிதனின் அளவு. தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே மதுவிலக்கு முதலில் வந்ததும் அதியமான் நாட்டுக்கு. ராஜாஜி செய்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். அவர் பார்த்தது அதியமானை அல்ல, என் அப்பாவைப் போன்றவர்களை.

2024 நவம்பரில் அந்த அம்மாள் வழக்கம்போல ஜாடி போட்டார். "திங்கட்கிழமை பாங்க்குக்கு வர்றேன், நான் உயிரோட இருக்கேன்னு எழுதிக்கோ" என்றார் ஒரு சனிக்கிழமை. ஞாயிறு விடியற்காலையில் தூக்கத்தில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகு, அவருடைய பென்ஷனை நிறுத்தும் பதிவைக் கவுண்டரில் உட்கார்ந்து நான்தான் செய்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் வீட்டைக் காலிசெய்யும்போது, ஜாடியில் இருப்பதைக் கொட்டிவிடச் சொன்னார். ஜாடி உள்ளே இரைந்துகொண்டிருந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எஸ்டேட் ஆள் ஒருவர் ஒரு பக்கம் பிடிக்க, தளும்பாமல் என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

டிசம்பர் முதல் வாரம் அம்மா வந்திருந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த ஜூனில்தான் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள்; பலரைச் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால், இது அதல்ல, இது காய்ச்சி வடிப்பதே அல்ல என்று விளக்கினேன். அம்மா நான் சொன்ன எதையும் கேட்கவில்லை.

"யார் போட்டது?"

சொன்னேன். அந்த அம்மாள் செத்துப்போனதையும் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து, "செத்தவங்க போட்டு வெச்சத வீணாக்கக் கூடாதுடா கண்ணு. யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்" என்றாள். மல்துணியின் ஒரு முனையை அவளே பிடித்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் ஊற்ற ஊற்ற, துணி கனத்து அவள் கை நடுங்கியது, விடவில்லை. முடிந்ததும் துணியைத் தனியாகத் துவைத்து, அந்தக் குளிரில் பச்சைத்தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அவள் துணி துவைத்த சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

ஒன்பது பாட்டில் தேறியது. யார் யாருக்குத் தருவது என்று அந்த அம்மாளின் நோட்டில் எழுதியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், வாங்கிய பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். இன்னொரு வீட்டில் எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்கள். குடித்தேன். முதலில் இனிப்பு, அடுத்து புளிப்பு, கடைசியில் கிராம்பின் காரம். அப்பாவின் சட்டையில் இருந்த வாடையை எதிர்பார்த்துத்தான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். அது இதில் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. விமரிசகனாக இது தோல்விதான்.

இந்த வருஷம் ஜாடி என்னுடையது. அதே அளவு, அதே நோட்டு. அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "பாட்டில் எத்தன வரும்?" என்று கேட்டாள்.

"ஒன்பதும்மா."

"வீடு எத்தன?"

"ஒன்பதுதான்."

"நம்ம வீட்டையும் சேர்த்தா?"