ஒரு மணி நேரத் தொலைவு



திருச்சி விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் வான்வழியில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர்; பறக்கும் நேரம் சுமார் ஒரு மணி. சாலை வழியே சென்னை செல்வதற்கே திருச்சியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வேண்டும். ஆகவே, கொழும்பில் வாழ்க்கைப்பட்ட எங்கள் சாச்சியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், “ஒரு மணி நேரம்தானே, நினைத்தால் போய்விடலாம்” என்றே சொல்லி வந்தோம்.

கீழக்கரையில் வாழ்ந்த எங்கள் பாட்டனாருக்கு அது அத்தனை எளிதாக இருக்கவில்லை. இராமநாதபுரத்தில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர்வார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அதுவே வழி. அத்தனை சிரமத்திலும் ஆண்டுக்கொருமுறை சொந்தங்களைப் பார்த்து வந்தார். நாங்களோ ஆறு ஆண்டுகளாகப் போகவில்லை.

சென்ற ஆண்டு ஒருநாள், சுபுஹுத் தொழுகை முடிந்த வேளையில் சாச்சி மவுத்தான செய்தி வந்தது. அன்றுதான் அந்த ஒரு மணி நேரத்தின் உண்மைக் கணக்கு எங்களுக்குத் தெரிந்தது. உம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்று பிள்ளைகளாகிய எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்தில் பெற வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பிற்பகல் விமானத்தில்தான் இடம் கிடைத்தது.

சாச்சியின் மகன் தொலைபேசியில், “நீங்கள் வரும்வரை வைத்திருக்கவா?” என்று கேட்டார். உம்மாவே கைப்பேசியை வாங்கி, “ஜனாஸாவைத் தாமதிக்க வேண்டாம் வாப்பா, ளுஹரோடு அடக்கிவிடுங்கள்” என்றார். பிறகு முசல்லாவை விரித்து உட்கார்ந்தவர், நாங்கள் புறப்படும்வரை எழவில்லை.

காக்காவும் தம்பியுமாக நாங்கள் இருவர் மட்டுமே சென்றோம். கட்டுநாயக்கவில் இறங்கி அஸரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். ஒரு மணி நேரப் பறப்புக்கும் கஸ்ரு உண்டா என்ற ஐயம் எழுந்தது. ஆனால் எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் கணக்கு தூரத்துக்கே, நேரத்துக்கு அல்ல. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தை எவ்வளவு விரைவாகக் கடந்தாலும் அவர் பயணிதான். மார்க்கம் தூரமென்று கணக்கிட்டதை, நாங்கள் பக்கமென்று எண்ணி அலட்சியமாக இருந்திருக்கிறோம்.

அங்கிருந்து நகருக்கு மேலும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். வீடு சேர்ந்தபோது மஃரிபு நெருங்கியிருந்தது. குப்பியாவத்தை மையவாடியில் அடக்கம் முடிந்து பல மணி நேரமாகியிருந்தது.

திரும்பும் நாளில் சாச்சியின் மகள் ஒரு பொட்டலத்தைத் தந்தார். உள்ளே மாசிக் கருவாடு. “லாத்தாவுக்கு என்று உம்மா எடுத்து வைத்தது. யாராவது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்” என்றார். உம்மாவின் கையில் அதைக் கொடுத்தபோது எங்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

உம்மாவின் பாஸ்போர்ட் இப்போது தயாராக இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் அவரைக் கபுரு ஸியாரத்துக்கு அழைத்துச் செல்கிறோம். உங்களுக்கும் ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சாச்சியோ மாமியோ இருக்கக்கூடும். இந்த விடுமுறையிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். உறவைச் சேர்ந்து வாழ்வோரின் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.